அலசுத் தொட்டியில் வைத்த கை

டாக்டரம்மா வசியம் பண்ணித்தான் அவள் வீட்டை விட்டுப் போனாள் என்கிறீர்களே, அந்தப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். மூன்றாம் மாடிக்காரி சொல்கிறாள், போனவளுக்குக் கண் இரண்டும் நிலைகுத்தி நின்றதாம், சாவி கொடுத்த பொம்மை மாதிரி படி இறங்கினாளாம், வாசலில் டாக்டரின் கார் காத்துக்கொண்டிருந்ததாம். எந்தக் காரைப் பார்த்தாள்? அன்றைக்கு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது தண்ணீர் லாரி. அது நகரட்டும் என்று தெருவே காத்துக்கிடந்தது.

எதிர்வீட்டுக்காரி அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டாள்.

"குடிக்காத மனுஷன், கை நீட்டாத மனுஷன். ஒரு வார்த்தை கோவமா பேசினது உண்டா? அப்படிப்பட்டவர விட்டுட்டு சுயபுத்தியோட எவளாவது போவாளா? தலையில ஏதோ பண்ணித்தான் அனுப்பியிருக்காங்க."

ஒரு வார்த்தை கோபமாகப் பேசாத மனிதர்தான், யார் இல்லையென்றது? சாந்தமாகவும் பேசவில்லை. நல்லதாகவும் பேசவில்லை, கெட்டதாகவும் பேசவில்லை. பதினோரு வருஷம் அவளிடம் ஒரு சொல் பேசவில்லை. ஒரே வீடு, இரண்டு அறை, ஒரு சமையல் மேடை. எதிர்வீட்டில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாதவள் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகள், விடுதிகள், ரயில் பெட்டிகள் எல்லாவற்றின் விரிப்புகளும் அங்கேதான் வெளுக்க வரும். அவள் நின்றது நீராவி பிரஸ் ஒன்றின் முன்னால். அதனால் அவளுக்கு நீராவி என்றே பெயராகிவிட்டது. உண்மையான பெயரைச் சொன்னால் சம்பளம் கொடுப்பவருக்கே யாரென்று தெரியாது. அவள் புருஷன் தானியக் கிடங்கில் மூட்டை எடை போடுகிறவர். லாரிக்காரர்கள் எடையய்யா என்பார்கள். நின்றால் நின்றபடி, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, தராசைத் தொட்டால் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். முள் சொல்வதை அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

ஒருநாள் அவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார். இவளுக்கு அன்று விடுமுறை. எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள். அங்கே மேடையில் மூட்டை ஏற்றப்போகிறார்கள். சலவைக்கூடத்திலும் அழுக்கு மூட்டையை எடை போட்டுத்தான் உள்ளே எடுப்பார்கள், தினமும் பார்த்துப் பழகிய கண். பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏங்க, முள்ளு பூஜ்யத்துல இல்ல பாருங்க. ரெண்டு கிலோ தள்ளி நிக்குது."

எல்லோரும் குனிந்து முள்ளைப் பார்த்தார்கள். பிறகு லாரிமேல் இருந்த ஒருவன் ஆரம்பித்தான்.

"எடையய்யாவுக்கு வீட்லயே இன்ஸ்பெக்டர் இருக்காங்கடா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பாவம். அவர் முள்ளைத் திருப்பி வைத்தார், சாப்பாட்டை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கூடவே இருந்த அவருடைய அக்காவிடம் சொன்னார்.

"அக்கா, இனிமே என் எடத்துக்கு வரக் கூடாதுன்னு அவகிட்ட சொல்லிடு."

இவள் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நாத்தனார் திரும்பி, "இனிமே அங்க வரக் கூடாதாம்," என்றாள். இரண்டு நாள் கோபம் என்று இவள் நினைத்தாள். பிறகு இரண்டு வாரம் என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்டாள், காலில் விழுந்தாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வேண்டுமானால் அக்கா. சட்டை வேண்டுமானால் அக்கா. முதலில் நாத்தனார் முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போகப்போக அவளுக்கும் அலுத்துவிட்டது. "தண்ணியாம்." "சட்டையாம்." "வெளக்க அணைக்கணுமாம்." அவ்வளவுதான். நாத்தனாருக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த நாளில் அவர் அலமாரியைப் பார்த்து, "சீப்பு எங்க இருக்கு?" என்று கேட்டார். அலமாரி பதில் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். இவள் சீப்பை எடுத்து அலமாரி மேலே வைத்தாள். அவர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்.

இப்படி எட்டு வருஷம். குழந்தை இல்லை. அதற்கும் ஊர் இவளைத்தான் பேசியது, எடையய்யாவை ஒருவரும் கேட்கவில்லை.

எட்டாவது வருஷம் பிரஸ் அவள் இடது கையில் இறங்கியது. விரிப்பின் மூலை மடிந்திருந்தது, சரிசெய்யக் கை விட்டாள், காலடியில் இருந்த மிதிகட்டை சிக்கிக்கொண்டது, மேல்தட்டு வந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும். மேஸ்திரி மின்சாரத்தை நிறுத்தி, தட்டைத் தூக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

தீப்புண்ணில் புண்ணைவிடக் கட்டு மாற்றுவதுதான் கொடுமை. ஒட்டிக்கொண்ட துணியை ஒருநாள் விட்டு ஒருநாள் உரித்தெடுக்க வேண்டும். வலி மருந்து கொடுத்தார்கள். இரண்டாவது தடவை கொடுத்ததும் மூச்சு தேய்ந்து உதடு நீலமாகிவிட்டது. இனிமேல் அந்த மருந்து இவளுக்கு ஆகாது என்றார்கள். லேசான மருந்து எதுவும் அவள் வலிக்குப் போதவில்லை. அவள் அலறல் அடுத்த வார்டு வரைக்கும் போனது.

எடையய்யா தினமும் வந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்று, "வலி எப்படி இருக்குன்னு கேளு," என்பார். நாத்தனார் கேட்பாள். இவள் சொல்வாள். அந்தப் பதில் அவருக்கு நேராகவே காதில் விழும். நர்ஸ் ஒருத்தி இரண்டு நாள் பார்த்துவிட்டு மெதுவாக நாத்தனாரிடம் கேட்டாள்.

"ஏம்மா, அந்த ஐயாவுக்குக் காது கேக்காதா?"

அந்த நர்ஸ்தான் இவள் வலியைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொன்னது. வார்டின் கடைசியில் ஒரு சின்ன அறை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மேஜை, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. டாக்டரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், சளி பிடித்த குரல். இவள் போனதும் கேட்டது, மந்திரம் ஏதாவது போடப்போகிறீர்களா என்றுதான்.

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்லம்மா. இதுக்குப் பேரு ஹிப்னாசிஸ். நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். வழி சொல்லுவேன், போறது நீங்க. உங்களுக்கு இஷ்டமில்லாதத நான் சொன்னா உங்க மனசு கேக்காது."

"எனக்கு வலி போனா போதும்."

"சரி. உங்களுக்குத் தெரிஞ்ச சில்லுனு இருக்கற தண்ணி எது?"

அவள் யோசிக்கவே இல்லை. சலவைக்கூடத்தில் அலசுத் தொட்டி ஒன்று உண்டு. இரவெல்லாம் நிரம்பிக் கிடக்கும். காலையில் முதல் ஆளாகப் போய்க் கை விட்டால், கொஞ்ச நேரத்தில் விரல் இருப்பதே தெரியாது.

"அதுதான் வேணும்," என்றாள் டாக்டரம்மா.

சுவரில் ஒரு ஆணியைப் பார்க்கச் சொன்னாள். இருபதிலிருந்து கீழே எண்ணச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படி இறங்குவதாக நினைக்க வேண்டும். கண் தானாக மூடியது. கடைசிப் படியில் அலசுத் தொட்டி. வலது கையை அதில் விட வேண்டும். விரல் மரத்தது, உள்ளங்கை மரத்தது, மணிக்கட்டு வரைக்கும் மரத்தது. டாக்டரம்மா அந்தக் கையைக் கிள்ளியதாகப் பிறகு சொன்னாள். இவளுக்குக் கிள்ளியது தெரிந்தது, வலித்தது தெரியவில்லை. வேறு யாரோ போட்டிருந்த கையுறையை யாரோ கிள்ளிய மாதிரி. பிறகு மரத்த கையைக் கொண்டுபோய்ப் புண் பட்ட கைமேல் வைக்கச் சொன்னாள். மரப்பு அங்கே இறங்கும் என்றாள். இறங்கியது.

அவள் தூங்கவில்லை. மின்விசிறி சத்தம், நர்ஸ் கத்தரியை வைக்கும் சத்தம், எல்லாம் கேட்டது. துணியை உரித்தார்கள். பக்கத்து வீட்டில் சுவரில் ஆணி அடிப்பது போல இருந்தது.

முடிந்ததும் டாக்டரம்மா விடவில்லை. தொட்டியிலிருந்து கையை எடு, துண்டால் துடை, ஒன்றிலிருந்து இருபது வரைக்கும் மேலே எண்ணு, கண்ணைத் திற. "கையுறை மாதிரி போட்டத கழட்டணும். இத மட்டும் மறக்காதீங்க. கழட்டாம எந்திரிக்கக் கூடாது," என்றாள். ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

நாலு வாரத்தில் டாக்டரம்மா இல்லாமலே அவளுக்கு வந்துவிட்டது. நர்ஸ் கட்டை அவிழ்க்கத் தொடங்கும்போதே இவள் தொட்டியில் கை விட்டிருப்பாள். மேலே எண்ணும்போது நர்ஸும் சேர்ந்து எண்ணுவாள். பதினைந்து தாண்டினால் வலி லேசாகத் தலை காட்டும். அதுவும் ஒரு கணக்கில் நல்லதுதான், கை ஆறுகிறது என்று அர்த்தம்.

ஐந்தாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள்.

இனி வருவது அவள் பிற்பாடு தன் வாயாலேயே ஒத்துக்கொண்டது. வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் படியேறி வந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அங்கே நின்று மூச்சு வாங்கினாள். உள்ளே போனால் "தண்ணியாம்" காத்திருக்கும். எட்டு வருஷமாக அந்தத் திருப்பத்தில் நின்றுவிட்டுத்தான் மேல்படி ஏறுவாள். அன்றைக்கு என்ன தோன்றியதோ, ஜன்னல் கம்பியைப் பார்த்து இருபதிலிருந்து எண்ணினாள். கை மரத்தது. அதைக் கொண்டுபோய் நெஞ்சில் வைத்தாள்.

உள்ளே போனாள். "தண்ணியாம்," என்றாள் நாத்தனார். கொடுத்தாள். ஒன்றுமே ஆகவில்லை. பக்கத்து வீட்டில் ஆணி அடித்தார்கள், அவ்வளவுதான்.

அன்று மேலே எண்ணவில்லை. எண்ணினால் திரும்பி வருமே. கூட எண்ண நர்ஸும் இல்லை. மறுநாளும் எண்ணவில்லை. தினமும் திருப்பத்தில் நின்று போட்டுக்கொள்வாள், கழற்றுவது கிடையாது.

மூன்று வருஷம் அப்படியே போனது. அதில் சொல்ல என்ன இருக்கிறது? எழுந்தாள், சமைத்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். உப்பு போட்டாளா என்று அவளுக்குத் தெரியாது. நாத்தனார் முகத்தைச் சுளித்தால் போடவில்லை என்று அர்த்தம். பக்கத்துப் பிரஸ்காரி சலவைக்கூடத்துக்கே சிரிப்பு காட்டுகிறவள். விடுதி விரிப்பில் எவனோ மறந்துவிட்டுப் போன பல்செட்டை எடுத்து மேஸ்திரி பேசுவது போலப் பேசிக் காட்டினாள். நாற்பது பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நீராவி விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, உனக்கு மட்டும் சிரிப்பு ரேஷனா?"

"கேட்டேன் அக்கா. நல்லா இருந்துச்சு," என்றாள்.

அவள் அம்மா செத்துப்போனாள். இவள் போனாள், கால்மாட்டில் நின்றாள், செய்ய வேண்டியதெல்லாம் செய்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று அங்கேயே காதுபடப் பேசினார்கள். அவளுக்குக் கேட்டது. பதிலாக அவள் அம்மாவின் போர்வையை ஓரம் சேர்த்து மடித்து வைத்தாள். பழக்கம் அது.

எடையய்யா எப்போதும் போலத்தான். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பேசாத மனிதருக்கு எப்படித் தெரியும்?

பிரஸ் தட்டு சரியான சூட்டில் இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு வழி உண்டு. விரலை நனைத்து, தட்டில் பட்டும் படாமலும் ஒரு தட்டு. சத்தம் வந்தால் சரி. விரல் தானாகத் துள்ளிப் பின்னால் வந்துவிடும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒருநாள் காலையில் நீராவியின் விரல் வரவில்லை. வைத்தபடி நின்றாள். தோல் வேகும் வாடையில்தான் மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

"ஏய்! கையை எடு! எடும்மா!"

எடுத்தாள். இரண்டு விரல் நுனியும் வெந்து வெள்ளையாக இருந்தன. அவள் அதை வேடிக்கை பார்த்தாள்.

"சூடு தெரியாதவள நான் பிரஸ்ல நிறுத்த மாட்டேன்," என்றார் மேஸ்திரி. திட்டவில்லை, முகம் வெளுத்திருந்தது. "சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொல்லட்டும். அப்புறம் வா."

அந்த வேலை ஒன்றுதான் அவளுடையது. வீடு அவருடையது, சமையல் மேடை நாத்தனாருடையது. பிரஸ் போய்விட்டால் நாள் முழுக்க அந்த இரண்டு அறைக்குள்தான். அது அவளுக்குப் புரிந்தது. அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள், வேறு எதற்கும் இல்லை.

டாக்டரம்மா விரலைப் பார்த்தாள், நரம்பெல்லாம் சோதிக்கச் சொன்னாள், ஒரு குறையும் இல்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்தத் தொட்டிக்கு இன்னும் போறீங்களா?"

"தினமும்."

"எதுக்கு? கை ஆறிடுச்சே."

இவள் மரத்த கையை நெஞ்சில் வைத்துக் காட்டினாள். டாக்டரம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கழட்டறீங்களா?"

"இல்ல."

"எத்தன நாளா?"

"மூணு வருஷமா."

"ஒரு தடவகூடவா?"

"எதுக்கு டாக்டர்? கழட்டினா வலிக்கும்ல."

"வலிக்கும்," என்றாள் டாக்டரம்மா. "பொய் சொல்ல மாட்டேன். ஆனா இது நெஞ்சுல மட்டும் நிக்காது. பாருங்க, விரலுக்கு வந்துடுச்சு. நான் கழட்டிவிட முடியாதும்மா. போட்டது நான் இல்ல. இங்கயே எண்ணுறீங்களா, நான் கூட இருக்கேன்."

"வேணாம்."

வாசல் வரைக்கும் டாக்டரம்மா கூட வந்தாள். தோளில் கை வைத்து, கஷ்டமாக இருந்தால் எந்த நேரமும் வரச் சொன்னாள். இதைத்தான் மூன்றாம் மாடிக்காரியின் தங்கை பார்த்துவிட்டு, தோளைத் தொட்டு ஏதோ ஓதினாள் என்று தெருவெல்லாம் சொன்னாள். வீட்டை விட்டுப் போ என்று டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்றே அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் இரண்டாம் மாடித் திருப்பத்தில் இவள் படியிலேயே உட்கார்ந்தாள். விரல் கட்டைப் பார்த்தாள். இருபதிலிருந்து எண்ணவில்லை. ஒன்று என்றாள். இரண்டு என்றாள். ஏறிப்போகிறவர்கள் இவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முணுமுணுத்தாள், மந்திரம் ஜெபித்தாள் என்கிறார்களே, அது இதுதான். இருபது வரைக்கும் எண்ணினாள். ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுதானா என்று எழுந்து உள்ளே போனாள்.

எடையய்யா மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணியாம்," என்றாள் நாத்தனார்.

அவள் குவளையை எடுத்தாள். குவளை கீழே விழுந்தது. அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷத்து "தண்ணியாம்" எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? அதோடு அம்மாவும் வந்தாள். அன்று இரவு முழுக்க அழுதாள். மாடி மாடியாகக் கேட்டது. பைத்தியம் பிடித்துவிட்டது, டாக்டர் வேலை என்று அப்போதுதான் பேச்சு ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் முகம் கழுவிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"தண்ணி வேணும்னா என்கிட்ட நீங்களே கேளுங்க. ஒரே ஒரு தடவ. அப்புறம் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவர் அக்காவைப் பார்த்தார்.

"சொல்லேன்டா," என்றாள் நாத்தனார். "வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்? எனக்கும் வயசாகுது. எத்தன நாளைக்கு நான் நடுவுல நின்னு தந்தி அடிக்கறது?"

"எனக்குத் தண்ணி வேணாம்னு சொல்லிடு," என்றார்.

எட்டு நாள் கேட்டாள். அவசரப்பட்டாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். எட்டு நாளும் காலையில் அதே இடத்தில் நின்று அதே வார்த்தையைக் கேட்டாள். தொட்டிக்கு அவள் ஒரு தடவைகூடப் போகவில்லை. போக வேண்டும் போல இருந்தது, திருப்பத்தில் ஜன்னல் கம்பி கண்ணுக்கு நேராக இருந்தது. குனிந்துகொண்டு வேகமாக ஏறிவிடுவாள். நடுவில் ஒருநாள் டாக்டரம்மாவிடம் போய் விரலைக் காட்டினாள். குத்தினால் துள்ளியது. மேஸ்திரி பிரஸ்ஸைத் திருப்பிக் கொடுத்தார். சலவைக்கூடத்துக்குப் பின்னால் இரவு வேலைப் பெண்கள் மூன்று பேர் ஒரு அறை வைத்திருந்தார்கள், அதில் ஒரு கட்டில் காலி. அதைச் சொல்லி வைத்தது பல்செட்டுக்காரிதான். பேசினால் தீராத வாய், ஆனால் இதை யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒன்பதாம் நாள் காலை. எடையய்யா கிடங்குக்குப் புறப்பட, நாற்காலியில் உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள்.

"போறேன்," என்றாள்.

நாத்தனார் பதறிவிட்டாள். "அடியே, போறேன்னு சொல்லாதடி! போயிட்டு வரேன்னு சொல்லு!"

அவள் மாற்றிச் சொல்லவில்லை. அவர் கையில் காலணிக் கயிறு அப்படியே நின்றது. நிமிரவில்லை.

"எங்க போறான்னு கேளு," என்றார்.

நாத்தனார் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். சமையல் மேடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அவள் காத்திருந்தாள். அவர் ஒரு முடிச்சைப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போடுகிற வரைக்கும் நின்றாள். தண்ணீர் லாரியின் சத்தம் கீழேயிருந்து வந்தது. பிறகு கதவைத் திறந்தாள். கதவு எப்போதும் ஓரத்தில் கொஞ்சம் இடிக்கும், தூக்கித்தான் சாத்த வேண்டும். தூக்கிச் சாத்தினாள். இரண்டாம் மாடியில் யாரோ அலமாரி ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், வழி இல்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, அவர்கள் ஏறி முடிக்கட்டும் என்று அழுதுகொண்டே நின்றாள்.